ஒரு பக்கத்துச் சிரிப்பு

தன் காதில் பூச்சுற்ற இனி ஒருவர் பிறந்துதான் வர வேண்டும் என்று கண்ணாடியம்மா அடிக்கடி சொல்லிக்கொள்வாள். அதில் பொய்யும் இல்லை. பல்கலைக்கழகத்து உளவியல் துறையில் ஆய்வுக்கு ஆள் தேவை என்று அறிவிப்பு ஒட்டினால், பசை காய்வதற்குள் முதல் ஆளாகப் போய் நிற்பவள் அவள்தான். இழுத்துக்கொண்டு போகாவிட்டால் வரமாட்டார் என்பதால் கணவரையும் கையோடு இழுத்துக்கொண்டு போவாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கையும் காதையும் பார்த்து, சட்டத்தைச் சூடுகாட்டி வளைத்து, முகத்துக்குத் தோதாக மாட்டிவிடுவாள். அதனால் தெருவுக்கே அவள் கண்ணாடியம்மா. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரை லிஃப்ட்காரர் என்றால்தான் அந்தப் பக்கத்தில் தெரியும். லிஃப்டின் உள்ளே ஒரு திருகு தளர்ந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் மனிதர்களிடம் பேசச் சொன்னால் சரியான கல்லுளிமங்கன். காலையில் ஒரு "வரேன்", சாயங்காலம் ஒரு "வந்துட்டேன்", நடுவில் தேவைப்பட்டால் ஒரு "ம்". இவ்வளவுதான் அவர் வீட்டுக்கு ஒதுக்கி வைத்திருந்த பேச்சு.

அப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் உளவியல் துறையின் லிஃப்டைப் பழுது பார்க்கப் போய், அங்கே சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு வந்து சொன்னார். கல்யாணமாகிப் பல வருஷமான ஜோடிகள் வேண்டுமாம். போய் உட்கார்ந்து பேசினால் போதுமாம். வேடிக்கை பார்க்கும் ஆசையில் கண்ணாடியம்மா கிளம்பினாள்.

அவர்களை உட்கார வைத்த அறையில் ஒரு சோபா, ஒரு குட்டை மேஜை, தண்ணீர் ஜாடி, காகிதக் கைக்குட்டைப் பெட்டி. எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் நம் முகம் தெரியும். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஜன்னல். ஆய்வு மாணவி அவர்களிடம் சில அட்டைகளைக் கொடுத்து, மாறி மாறி எடுத்துப் பதில் சொல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். லிஃப்ட்காரருக்கு வந்த அட்டையில், உங்கள் துணையிடம் உங்களுக்கு எது பிடிக்கும் என்று இருந்தது. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் விடை இருக்குமோ என்று தேடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"கடையில யாருக்காவது கண்ணாடி மாட்டிவிட்டா, நீ ரெண்டு அடி பின்னால போய் நின்னு அவங்க முகத்தைப் பார்ப்பே. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும். வேலை முடிஞ்சு வர்றப்ப தெருவுல நின்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்."

கண்ணாடியம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டியும் கொடுத்தாயிற்று. இத்தனை காலத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. வீட்டில் வராத பேச்சு இந்த அறையில் வருகிறது என்றால், வாரா வாரம் இந்த அறைக்கு வந்துவிட்டால் போகிறது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். தூக்கத்தைப் பற்றிய ஆய்வு, ஞாபகத்தைப் பற்றிய ஆய்வு, வலி தாங்கும் ஆய்வு என்று ஒன்றையும் விடவில்லை. வெளியூரில் இருந்த மகள் போனில் அவர்களை "என்ன எலிகளா, சௌக்கியமா?" என்று கேலி செய்வாள். கண்ணாடியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. எலிதான், ஆனால் சந்தோஷமான எலி.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள் இருந்தது. ஜோடிகளுக்கான இரண்டாவது ஆய்வின்போது நடந்தது அது. வீட்டுச் சாமான்களை எப்படி மாற்றி அடுக்கலாம் என்று பேசச் சொன்னார்கள். அவள் வாயைத் திறந்ததுமே லிஃப்ட்காரர் சீறினார். உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ பேசாம இரு என்றார். குரலை உயர்த்தியே அறியாத மனிதர் அப்படிப் பேசியதும் அவள் உடைந்து போனாள். கைக்குட்டைப் பெட்டியில் பாதி காலியானது. அதன் பிறகு மாணவி கதவைத் திறந்துகொண்டு வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, எப்போதும் சொல்கிற அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"ஆய்வு முடிஞ்சுதுங்க. இங்க நடந்த எதுவும் நிஜம் இல்ல. இப்ப விளக்கிச் சொல்றேன்."

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கோபப்படுவதுபோல் நடிக்கச் சொல்லியிருந்தார்களாம். லிஃப்ட்காரர் குற்றம் செய்தவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடியம்மாவும் சிரித்து மழுப்பினாள். ஆனாலும் முன்பின் தெரியாதவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தன் அழுகையைப் பார்த்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் குமைந்தாள். இனி என்னிடம் இவர்கள் பாச்சா பலிக்காது என்று அன்றைக்கு ஒரு வைராக்கியம் கொண்டாள்.

அப்புறம் அவளை யாராலும் ஏமாற்ற முடியவில்லை. காத்திருக்கும் இடத்தில் ஒருவன் காகிதக்கட்டைக் கீழே போட்டுவிட்டு யார் உதவுகிறார்கள் என்று பார்த்தால், "தம்பி, நல்லாத்தான் போட்டீங்க" என்பாள். கணினி திடீரென்று கெட்டுப்போனதாகச் சொன்னால் கண்ணைச் சிமிட்டுவாள். சோபா அறையில் சந்தேகம் தட்டினால் நேரே போய்ப் பெரிய கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டி, "போதும்மா, வெளிய வா" என்பாள். மாணவிக்கே அது பழகிவிட்டது. குட்டு வெளிப்பட்ட ஆய்வுகள் ஒன்றுக்கும் உதவாது என்றாலும், கண்ணாடியம்மாவை அவளுக்குப் பிடித்திருந்தது. இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பின்னால் வந்து கழுத்தை அறுக்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அன்றைக்கும் வழக்கம்போல் இருவரையும் முதலில் தனித்தனியாகப் பிரித்தார்கள். அவளுக்குப் படங்களைக் காட்டினார்கள். பக்கத்து அறையில் அவருக்கு ஹெட்ஃபோன் மாட்டி ஒரு கட்டுரையை உரக்கப் படிக்க வைத்தார்கள். படிப்பவரின் குரலையே கொஞ்சம் தாமதமாக அவர் காதில் திருப்பி ஒலிக்கவிடும் ஹெட்ஃபோன் அது. நம் குரல் நம்மைத் துரத்திக்கொண்டு வந்தால் நாக்கு தடுமாறத்தான் செய்யும். யாராக இருந்தாலும் குளறுவார்கள், கழற்றினால் சரியாகிவிடும் என்று மாணவி அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவரும் குளறினார், கழற்றினார். பிறகு மாணவி அவரிடம் தனியாக ஒரு வேலை சொன்னாள். அடுத்த அறையில் மனைவி என்ன கேட்டாலும் ஒட்டாமல் பதில் சொல்ல வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

சோபாவில் வந்து உட்கார்ந்தார்கள். கையில் நிறைய விடுமுறை இருந்தால் எங்கே போகலாம் என்று பேச வேண்டும். கண்ணாடியம்மா மலையா கடலா என்று ஆரம்பித்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றார். ரயிலில் போகலாமா என்றாள். தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றார். அவளுக்கு உடனே பொறி தட்டியது. இவருக்கு ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊகம் சரிதான், அந்த வரைக்கும் சரிதான். ஆகவே அவள் சாய்ந்து உட்கார்ந்து, நடக்கட்டும் பார்ப்போம் என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் தானாகவே அவள் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடல் என்று ஆரம்பித்த சொல் கதவு என்று முடிந்தது. மறுபடியும் முயன்றார். இந்த முறை வந்தது எந்தச் சொல்லிலும் சேராத ஒரு சத்தம். கண்ணாடியம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அடேயப்பா, இந்தத் தடவை வசனமெல்லாம் எழுதிக் குடுத்திருக்காங்களா?"

அவர் இடது கையைக் காதருகே கொண்டுபோய்க் காட்டினார். ஹெட்ஃபோனைச் சொல்கிறார், அதன் குளறல் இன்னும் விடவில்லை என்கிறார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்தது படங்களைத்தானே. அவர் தண்ணீர் குடிக்க வலது கையை நீட்டினார். தம்ளர் விரல்களுக்குள் நிற்காமல் வழுக்கி விழுந்து, தண்ணீர் தரைவிரிப்பில் ஓடியது. ஊமையாக இருப்பதோடு விடாமல் தண்ணீரையும் கொட்டச் சொல்லியிருக்கிறாளே இந்தப் பெண் என்று கண்ணாடியம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். சுவர்க் கண்ணாடியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அந்தப் பக்கத்தில் மாணவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தான் சொன்னதற்கு மேலேயே செய்கிறாரே மனுஷர், இவருக்குள் இப்படி ஒரு நடிகரா என்று அவளுக்கு ஆச்சரியம். ஒருத்தி அவரை நடிகர் என்று நினைத்தாள், இன்னொருத்தியும் அப்படியே நினைத்தாள், அவரோ ஹெட்ஃபோனின் கோளாறு என்று நினைத்தார். அவருடைய தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் அவள் கண்ணில் ஏதோ தட்டியது. அவருக்கு உப்பிய கன்னம். சிரித்தால் இரண்டு கன்னமும் மேலேறி, மூக்குக்கண்ணாடியையும் தூக்கிவிடும். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை சட்டம் மாற்றியும் அவளால் சரிசெய்ய முடியாத ஒரே முகம் அவருடையது. இப்போது கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் ஏறி நின்றது. வலது பக்கம் அப்படியே கிடந்தது. அட, கம்பி வளைந்துவிட்டதா என்று அவள் அதைக் கழற்றினாள். கடையில் செய்வதுபோல் மேஜைமேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். நான்கு முனையும் மேஜையைத் தொட்டன. சட்டத்தில் ஒரு கோணலும் இல்லை.

மறுபடியும் அவருக்கு மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"இன்னொரு தரம் சிரிங்க," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அவர் அவள் சொன்னபடி சிரித்தார். இடது கன்னம் ஏறியது. வலது கன்னம் அசையவில்லை. உதட்டின் அந்தப் பக்க ஓரத்தில் எச்சில் வழிந்தது, அவருக்கு அது தெரியவில்லை.

கோபத்தை நடிக்கலாம், ஊமையை நடிக்கலாம். பாதிக் கன்னத்தை யாராலும் நடிக்க முடியாது. முகங்களைப் பார்த்தே வயிறு வளர்ப்பவள் அவள். எதிரே ஒரு முகம் இடிந்து விழுந்துகொண்டிருக்க, உட்கார்ந்து கைகொட்டாத குறையாகச் சிரித்திருக்கிறாள். கண்ணாடியம்மா சுவர்க் கண்ணாடியிடம் பாய்ந்து தட்டினாள்.

"வெளிய வா, இது நடிப்பு இல்ல, வெளிய வாம்மா."

அந்தப் பக்கத்தில் மாணவி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அம்மா ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். எத்தனையோ முறை கேட்ட தட்டல், எத்தனையோ முறை கேட்ட "வெளிய வா". இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று கேமராவை ஓடவிட்டாள். கண்ணாடியம்மா இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடித்தாள். எதிரே அவளுடைய முகம்தான் தெரிந்தது. வாயைத் திறந்துகொண்டு, பைத்தியக்காரியைப்போல. அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு நடைவழியில் ஓடி, அவள் போட்ட அலறலில் அந்த மாடியில் இருந்த எல்லாக் கதவுகளும் திறந்தன. அப்போதுதான் மாணவியின் சிரிப்பு நின்றது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டுக்குள் தள்ளினார்கள். கதவு மூடும்போது ஒரு கிரீச் சத்தம் வந்தது. அந்த நிலைமையிலும் லிஃப்ட்காரர் தலையைச் சாய்த்து அதைக் காதுகொடுத்துக் கேட்டார். கண்ணாடியம்மா அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போது ஆரம்பித்தது என்பதுதான். ஆரம்பித்த நேரம் தெரிந்தால்தான் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய முடியுமாம்.

"நான் சிரிச்சேன்ல, அப்பவே ஆரம்பிச்சிருச்சு," என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. பின்னாலேயே ஓடி வந்திருந்த மாணவிதான் முன்னால் வந்து, எல்லாம் பதிவாகியிருக்கிறது என்று சொல்லி நேரத்தைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் சுவரோரமாக உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். ஊசி போட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். மூளையின் இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்தில் அடைப்பு. சொற்கள் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நல்லது என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்று கண்ணாடியம்மாவுக்கு மட்டும் தெரியும்.

போயும் போயும் பேச்சு. கையையோ காலையோ எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா? இருந்ததே ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்காகத்தானே அவரை அந்த அறைக்கு இழுத்து இழுத்துக் கொண்டுபோனாள். அதில்தானா வந்து விழ வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ராத்திரி வண்டி பிடித்து வந்த மகள் தோளைப் பிடித்துக்கொண்டு என்னம்மா ஆச்சு என்று கேட்டபோது, அவளிடமும் நான் சிரிச்சேன், நான் சிரிச்சேன் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் அவர் நன்றாகக் கண்விழித்துப் பார்த்தார். அந்த வார்டில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் நர்ஸுகள் உட்கார்ந்து திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரரின் பார்வை அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. நடுநடுவே "எப்ப" என்றார். மருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறது என்றாள் மகள். அவர் இல்லையென்று தலையசைத்து மறுபடியும் "எப்ப" என்றார். டாக்டர் சாயங்காலம் வருவார் என்றாள். அவர் அலுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தியானம் மாணவி வந்தாள். இரவெல்லாம் தூங்காத முகம். வாசலிலேயே தயங்கி நின்றவளைக் கண்டதும் லிஃப்ட்காரருக்கு முகமெல்லாம் வெளிச்சம். இடது கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியைக் கண்ணாலேயே காட்டி, உட்காரச் சொன்னார்.

கண்ணாடியம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மனுஷர் இன்னும் அந்தச் சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ், ஊசி, அசையாத கை, வராத சொல் எல்லாம் அவருக்கு ஆய்வு. நேற்றிலிருந்து இந்தப் பெண் வந்து அந்த வாக்கியத்தைச் சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருக்கிறார். அவள் சொல்லிவிட்டால் கை எழுந்துவிடும், பேச்சு வந்துவிடும், மூன்று பேரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மாணவிக்கும் அது புரிந்துவிட்டது. முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டி, சொல்லு சொல்லு என்பதுபோல் ஊக்கப்படுத்தினார். அவள் எழுந்து வெளியே ஓடிவிட்டாள். மகள் அவள் பின்னால் போனாள்.

கண்ணாடியம்மா முக்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மரத்துப்போன கனம் அதில் இருந்தது.

"என்னங்க, இது ஆய்வு இல்ல. நடந்ததெல்லாம் நிஜம். உங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. எனக்குத் தெரியாம நான் சிரிச்சுட்டு இருந்துட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். முதலில் அவளும் நடிக்கிறாளோ என்று தேடுவதுபோல் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அதைத் தூக்க முயல்வது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. கை அவள் மடியிலேயே கிடந்தது. அவர் கண்ணில் பயம் மெல்ல ஏறியது. அத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அவள் பயத்தைப் பார்த்ததில்லை. உயரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கி வேலை செய்கிறவர் அவர்.

திட்டட்டும் என்று அவள் தலைகுனிந்து காத்திருந்தாள். உனக்கு ஒண்ணும் தெரியாது என்று அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கு நிஜமாகச் சொல்லட்டும்.

"நீ," என்றார். அடுத்த சொல்லைத் தேடி அவர் உதடு வெகுநேரம் அலைந்தது. "நீ சிரிச்ச."

"ஆமாங்க," என்றாள். கண்ணீர் அவர் கைமேல் சொட்டியது.

அவர் இல்லையென்று தலையசைத்தார். அவள் புரிந்துகொண்டது தப்பாம். இடது கையால் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி எடுத்துக் கொடுத்தார்.

"நீ சிரிச்ச. அதான். பயம் இல்ல."

அவள் சிரித்துக்கொண்டிருந்ததால்தான் அவர் பயப்படாமல் இருந்திருக்கிறார். அவருக்குச் சொல்ல இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. மோவாயை விடவில்லை. கண்ணில் ஏறிய பயம் இன்னும் இறங்கவில்லை.

"சிரி," என்றார்.

கண்ணாடியம்மா அழுகையை விழுங்கிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக, வாழ்க்கையில் முதன்முறையாக நடித்தாள்.